ஹவுஸ் சர்ஜன் கையெழுத்தும் ஆர்.ஐ.எம்.பி. ஊசியும்

பாபநாசத்தான் | ஜூலை 6, இரவு 9.10

அண்ணன் மகள் தஞ்சாவூர்ல ஹவுஸ் சர்ஜன், அதாவது எம்.பி.பி.எஸ். பாடம் முடிச்சு பயிற்சியில இருக்கிற டாக்டர். ராத்திரி முழுக்க வார்டுல ரத்தம் எடுக்கிறா, தையல் போடுறா. என் பையனுக்கு ஸ்கூல் லீவுக்கு ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டா, "நான் கையெழுத்து போடக்கூடாது சித்தப்பா"ங்கறா. ஆனா எங்க தெருமுனையில ஆர்.ஐ.எம்.பி.னு போர்டு மாட்டின ஒருத்தர் ஊசி போடுறார், குளுக்கோஸ் ஏத்துறார், சர்டிபிகேட்டும் கொடுக்கிறார். கேட்டா "அரசாணை இருக்கு"ங்கறார். நாலரை வருஷம் படிச்சவளுக்கு இல்லாத உரிமை அவருக்கு எங்கேருந்து வந்துச்சு?

வாய்க்கால்கரை | ஜூலை 6, இரவு 10.45

இரண்டு கேள்வியைச் சேர்த்து முடிச்சு போட்டிருக்கிறீர்கள். பிரித்தால்தான் விளங்கும்.

அடிப்படை விதி தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 34. மாநிலப் பதிவேட்டிலோ தேசியப் பதிவேட்டிலோ பெயர் இல்லாதவர் நான்கு காரியம் செய்யக்கூடாது: டாக்டராகத் தொழில் பார்ப்பது, டாக்டருக்குரிய பதவியில் உட்காருவது, மருத்துவச் சான்றிதழிலோ உடற்தகுதிச் சான்றிதழிலோ கையெழுத்திடுவது, மருத்துவ விஷயத்தில் கோர்ட்டில் நிபுணராகச் சாட்சி சொல்வது. மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஹவுஸ் சர்ஜனிடம் இருப்பது ப்ரொவிஷனல், அதாவது இடைக்காலப் பதிவு. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குள், பயிற்சிக்காக மட்டும் அது செல்லும். தையல் போடுவது பயிற்சி, அதனால் போடலாம். சான்றிதழ் பயிற்சியில் சேராது. மருத்துவச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், போலீஸ் கேஸ் தொடர்பான ஆவணம் மூன்றிலும் பயிற்சி டாக்டர் தன் கையெழுத்தில் எதுவும் கொடுக்கக்கூடாது என்று 1997-ம் வருஷ இளநிலை மருத்துவக் கல்வி விதிகளிலேயே எழுதியிருக்கிறது.

இன்னொன்று. அவளுக்கு நாளைக்கே பர்மனென்ட் பதிவு வந்தாலும் பையனைப் பார்க்காமல் சர்டிபிகேட் கொடுக்க முடியாது. டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிகளின்படி சான்றிதழுக்கென்று தனிப் பதிவேடு வைக்க வேண்டும், நோயாளியின் அங்க அடையாளம் ஒன்றாவது எழுத வேண்டும், அவர் கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும், நகல் வைத்துக்கொள்ள வேண்டும். சித்தப்பா உறவு அந்தப் பட்டியலில் இல்லை.

வாய்க்கால்கரை | ஜூலை 7, காலை 6.20

திருத்தம். நேற்று எழுதிய ஆயிரம் ரூபாய் பழைய 1956 சட்டத்தின் பிரிவு 15(3)-ல் இருந்த அபராதம். அந்தச் சட்டம் 2020 செப்டம்பர் 25-ல் போய்விட்டது. இப்போது ஐந்து லட்சம் ரூபாய் வரை. சிறை அதே ஒரு வருஷம் வரை. ஆயிரம் ரூபாய் என்பது அந்த மாதிரி ஆளுக்கு ஒரு நாள் ஊசிக் காசு, அதனால்தான் மனசில் அப்படியே தங்கிவிட்டது போல.

பாபநாசத்தான் | ஜூலை 7, காலை 8.00

அப்போ ஆர்.ஐ.எம்.பி.?

வாய்க்கால்கரை | ஜூலை 7, பிற்பகல் 2.30

ஆர்.ஐ.எம்.பி. என்பது படிப்பு இல்லை. இந்திய மருத்துவத்துக்கான பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்பதற்கு மேல் அந்த எழுத்துகளுக்கு அர்த்தம் கிடையாது. போர்டில் அதற்கு முன்னால் என்ன படிப்பு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அரசாணை இருப்பது உண்மை. வழி இப்படி வருகிறது. மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் விதிகள் 1945-ல் விதி 2(ஈஈ), "பதிவு பெற்ற மருத்துவர்" யார் என்று சொல்கிறது. அதன் மூன்றாவது உட்பிரிவில், வேறொரு மருத்துவப் பதிவேட்டில் உள்ளவரையும் நவீன மருத்துவம் பார்ப்பவர் என்று மாநில அரசு ஆணை போட்டு அறிவிக்கலாம். அந்த அதிகாரத்தில் வந்ததுதான் 2010 செப்டம்பர் 8 தேதியிட்ட அரசாணை எண் 248. தமிழ்நாடு இந்திய மருத்துவ வாரியத்தில் பதிவு செய்த சித்தா, ஆயுர்வேதம், யுனானி, இயற்கை மருத்துவக்காரர்கள் தங்கள் முறையோடு நவீன மருத்துவத்தையும் பார்க்கலாம் என்றது.

உச்ச நீதிமன்றம் 1998 அக்டோபரில் முக்தியார் சந்த் வழக்கில் இந்த விதி செல்லும் என்றது. கூடவே ஒரு கடிவாளமும் போட்டது. ஒரு முறையின் மருந்தை எழுதும் உரிமை, அந்த முறையில் தொழில் செய்யும் உரிமையோடு ஒட்டியது. மாநிலச் சட்டம் தொழிலை அனுமதிக்காத இடத்தில் மருந்துச் சீட்டு மட்டும் தனியாக நிற்காது.

வாய்க்கால்கரை | ஜூலை 7, இரவு 11.05

மேலே எழுதியதை அப்படியே படித்தால் வாரியத்தில் பெயர் உள்ள எல்லோருக்கும் என்று ஆகிவிடும். அது தப்பு. அரசாணை பேசுவது கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிப் பதிவு செய்தவர்களைப் பற்றி. பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் ஐந்தரை வருஷப் படிப்பு, அதில் நவீன மருத்துவப் பாடமும் பயிற்சியும் இருக்கிறது. அவர்கள் பெற்ற பயிற்சி எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் இந்த அனுமதி. பரம்பரை வைத்தியர் என்று பட்டியலில் ஏறியவருக்கு இந்தக் கதவு திறக்காது. அவர் தன் சூரணம், தைலத்தோடு நிற்க வேண்டியவர்.

ஹோமியோபதிக்கும் திறக்காது. விதி 2(ஈஈ)-யின் அந்த உட்பிரிவிலேயே "ஹோமியோபதிப் பதிவேடு நீங்கலாக" என்று வெளியே நிறுத்திவிட்டார்கள். 1996-ல் பூனம் வர்மா வழக்கு இதே விவகாரம்தான். ஹோமியோபதி டிப்ளமோ வைத்திருந்தவர் காய்ச்சலுக்கு அலோபதி மருந்து கொடுத்தார், நோயாளி இறந்தார். தெரியாத முறையில் கை வைத்ததே அலட்சியம், அதற்கு மேல் நிரூபிக்க வேண்டியதில்லை என்றது கோர்ட்.

கல்லூரியில் படித்த சித்தா டாக்டருக்கும் எல்லாம் திறந்து கிடக்கவில்லை. கருக்கலைப்புச் சட்டம் 1971 தனக்கென்று சொந்த வரையறை வைத்திருக்கிறது: நவீன மருத்துவப் பதிவேட்டில் பெயர், அதோடு மகப்பேறு மருத்துவத்தில் பயிற்சி அல்லது அனுபவம். அரசாணை 248-ஐக் காட்டி அங்கே நுழைய முடியாது.

மன்னை மருந்தாளுநர் | ஜூலை 8, காலை 10.15

கவுன்ட்டர்ல நிக்கிறவனுக்கு இதுல என்ன? சித்தா டாக்டர் சீட்டுல அமாக்ஸிசிலின் எழுதி வருது. கொடுக்கலாமா கூடாதா?

வாய்க்கால்கரை | ஜூலை 8, பிற்பகல் 1.40

பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர் என்றால் தமிழ்நாட்டுக்குள் அது செல்லுபடியாகும் சீட்டு. உங்களுக்கு முக்கியம் விதி 65(10): எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் தேதியும் அவர் கையாலேயே இருக்க வேண்டும், நோயாளி பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு, எவ்வளவு எப்போது சாப்பிட வேண்டும் என்பது எல்லாம் வேண்டும். தடுமாறுவது இரண்டு இடத்தில். சீட்டில் பதிவு எண் இருக்கும், எந்தப் பதிவேடு என்று இருக்காது. இல்லையென்றால் "ஆர்.ஐ.எம்.பி." மட்டும் இருக்கும், படிப்பு இருக்காது. இந்த இரண்டையும் கேட்டு எழுதி வாங்காமல் கொடுத்தால், ஆய்வு நாளில் பதில் சொல்பவர் நீங்கள்தான்.

கூடுதல் கட்டுப்பாடுள்ள அட்டவணை எச்-1 மருந்து என்றால் தனிப் பதிவேட்டில் சீட்டு எழுதியவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஏற்றி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அதைவிடக் கடும் கட்டுப்பாடுள்ள அட்டவணை எக்ஸ் என்றால் சீட்டு இரட்டைப் பிரதி, ஒன்று உங்களிடம் இரண்டு வருஷம்.

மன்னை மருந்தாளுநர் | ஜூலை 8, பிற்பகல் 1.58

கேட்டு எழுதி வாங்குறதாம். பின்னாடி கியூவுல நிக்கிறவங்க சும்மா விடுவாங்களா?

வாய்க்கால்கரை | ஜூலை 9, காலை 7.00

உரிமமே வேண்டாத சிறு விலக்கு ஒன்றும் உண்டு. அதே விதிகளின் அட்டவணை கே. ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமத்தில் பாராசிட்டமால், ஆஸ்பிரின், வலித் தைலம், கிரைப் வாட்டர், இருமல் மிட்டாய் மாதிரிச் சில வீட்டு மருந்துகளைப் பெட்டிக்கடையிலும் விற்கலாம், தயாரிப்பாளரின் மூல உறை பிரிக்காமல். மாத்திரை அட்டையைக் கத்தரித்து இரண்டு இரண்டாகக் கொடுப்பது இந்த விலக்கில் வராது. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு "நாங்களும் கிராமம்தான்" என்பதும் வராது.

அந்த அட்டவணையில்தான் டாக்டர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கும் விலக்கும் இருக்கிறது. கடை மாதிரி திறந்து வைத்து வந்தவர் போனவருக்கெல்லாம் விற்கக்கூடாது. சொந்த நோயாளிக்கு மட்டும்.

கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி ஊழியர் கையால் வரும் மாத்திரைக்கும் அங்கேயே இடம் உண்டு. அரசுத் திட்டத்தில் வந்த மருந்தாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

வாய்க்கால்கரை | ஜூலை 9, காலை 7.25

செவிலியர் என்றதும் ஒன்று. பிரசவ வலியில் வலிப்பு வந்த பெண்ணுக்கு மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸைத் துணைச் செவிலியரே போடலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. 50 சதவீதக் கரைசலில் மொத்தம் 10 கிராம், ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், தசைக்குள் ஆழமாக. போட்டதும் ஆம்புலன்ஸ். இரண்டாவது டோஸ் அவர் வேலை இல்லை. மருந்து, அளவு, எத்தனையாவது டோஸ், அடுத்து எங்கே அனுப்புவது வரைக்கும் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஹவுஸ் சர்ஜனைக் கட்டடத்தில் கட்டியது போல இவரை முதல் டோஸில் கட்டியிருக்கிறார்கள்.

இரண்டாமாண்டு பி.ஜி. | ஜூலை 9, இரவு 11.50

ஹவுஸ் சர்ஜன் கையெழுத்து விஷயத்துல கோர்ட் வரைக்கும் போற சிக்கல் ஏ.ஆர். புக்தான். அதைச் சொல்லாம விட்டுட்டீங்க.

வாய்க்கால்கரை | ஜூலை 10, காலை 5.50

சரிதான், அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

இரவு ஒன்றரை மணி. ஈ.சி.ஆரில் வண்டி மோதி ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். டூட்டி டாக்டர் உள்ளே இன்னொரு கேஸில். ஹவுஸ் சர்ஜன் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரை எடுத்து எழுதுகிறார்: யார் கூட்டி வந்தது, எத்தனை மணிக்கு, எங்கே எப்படி நடந்ததாகச் சொன்னார்கள், நினைவு இருந்ததா, மூச்சில் மது வாடை வந்ததா, காயம் ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர். இதுவரை தவறில்லை. கீழே கையெழுத்தும் போட்டுவிடுகிறார். டூட்டி டாக்டர் காலையில் கையெழுத்து போட மறந்துவிடுகிறார். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

வருஷம் கழித்துச் சம்மன் வருவது கையெழுத்து போட்டவர் பெயருக்கு. அவர் பயிற்சி முடித்து எங்கோ போயிருப்பார். வந்தாலும் எதிர்த் தரப்பு வக்கீலின் முதல் கேள்வி, "அன்றைக்கு உங்கள் பதிவு எண் என்ன?" பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 45, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 39, அதன்படி நிபுணர் கருத்து சொல்ல பிரிவு 34 பதிவு கேட்கிறது. காயம் எளியதா கொடியதா என்ற கருத்தே ஆட்டம் கண்டுவிடும். விபத்து இழப்பீட்டுக்கு அலைகிற குடும்பத்தின் வயிற்றில்தான் அடி.

ஆகவே ஹவுஸ் சர்ஜன் எழுதலாம், கையெழுத்து டூட்டி டாக்டருடையது, அதுவும் அப்போதே, நேரம் போட்டு. கேஸ் ஷீட்டிலும் அப்படித்தான். "ட்யூட்டி அசிஸ்டென்டிடம் தெரிவித்தேன்" என்று எழுதினால் போதாது, அவர் பெயரும் அவர் சொன்னதும் நேரமும் வேண்டும். இறப்புக் காரணச் சான்றிதழ், ஆஸ்பத்திரிக்குள் படிவம் 4, வெளியே 4ஏ, இரண்டையும் ஹவுஸ் சர்ஜன் தொடவே வேண்டாம்.

இரண்டாமாண்டு பி.ஜி. | ஜூலை 10, இரவு 10.30

பி.ஜி.க்களையும் டிரெய்னினு சொல்லி இதே சட்டியில் போட்டுடாதீங்க.

வாய்க்கால்கரை | ஜூலை 11, காலை 6.10

போடவில்லை. பி.ஜி., அதாவது எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் படிக்கும் மாணவர், முழு உரிமம் உள்ளவர், கையெழுத்து செல்லும். மாவட்ட உறைவிடப் பயிற்சி என்று மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பும்போதும் அவர் உரிமத்தோடுதான் போகிறார். அவருக்குள்ள தடை வேறு: முழுநேரப் படிப்பு, வெளியே கிளினிக்கோ நர்சிங் ஹோம் வேலையோ கூடாது. மீறினால் படிப்பு விதி மீறல், போலி டாக்டர் வழக்கு ஆகாது. வெளிநாட்டுக் குடிமகனாகப் பி.ஜி. சேர்ந்தவருக்கு மட்டும் தற்காலிகப் பதிவு: படிக்கும் காலத்துக்கு, சேர்ந்த கல்லூரிக்குள், படிப்புக்காக மட்டும். சொந்த நாட்டில் பதிவு இருந்தால்தான் அதுவும்.

வெளிநாட்டு டாக்டர் வந்து இலவச முகாம் நடத்தினாலும் இதே கதைதான். பிரிவு 34 தற்காலிகப் பதிவுக்கு இடம் கொடுக்கிறது. "இலவசம்தானே, காசா வாங்குகிறோம்" என்று கல்யாண மண்டபத்தில் பேனர் கட்டிவிட்டு அப்புறம் அனுமதி தேடுவது நம் ஊர் வழக்கம். காசு வாங்காதது பதிவுக்கு ஈடாகாது.

பாபநாசத்தான் | ஜூலை 11, இரவு 8.40

எங்க தெருவுல ஒரு பையன் பிலிப்பைன்ஸ்ல படிச்சு முடிச்சு வந்திருக்கான். டெஸ்ட் இன்னும் பாஸ் ஆகலை. நர்சிங் ஹோம்ல நைட் டூட்டிக்குக் கூப்பிடுறாங்களாம், போகலாமானு கேட்கிறான்.

வாய்க்கால்கரை | ஜூலை 11, இரவு 9.05

போகக்கூடாது. ஒரே வார்த்தை.

வாய்க்கால்கரை | ஜூலை 12, காலை 6.30

ஒரே வார்த்தை அந்தப் பையனுக்குப் போதாது, விவரம் எழுதுகிறேன். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வு 300 மதிப்பெண்ணுக்கு, 150 எடுத்தால் பாஸ், தப்பு விடைக்குக் கழிவு கிடையாது. பாஸ் ஆகும் வரை அவரிடம் ப்ரொவிஷனல் பதிவுகூட இல்லை. அதாவது சட்டத்தின் கண்ணில் ஹவுஸ் சர்ஜனுக்கும் கீழே. பாஸ் ஆனதும் ப்ரொவிஷனல், பிறகு இங்கே ஒரு வருஷப் பயிற்சி, அதற்குப் பிறகுதான் பர்மனென்ட். கோவிடிலும் உக்ரைன் போரிலும் கடைசி வருஷத்தில் திரும்பி வந்தவர்களுக்கு 2022 ஜூலை அறிவிப்பில் இரண்டு வருஷப் பயிற்சி என்று வைத்தார்கள். பயிற்சி இடமும் தாராளம் இல்லை. கல்லூரியின் இடங்களில் ஏழரை சதவீதம் மட்டும் கூடுதலாக வெளிநாட்டில் படித்தவர்களுக்கு.

தேர்வே வேண்டாத விலக்கு உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்து நாடுகளில் மேற்படிப்பு முடித்து அங்கேயே நிபுணராகத் தொழில் செய்யும் தகுதி பெற்றவர்களுக்கு. பிலிப்பைன்ஸ் பட்டியலில் இல்லை.

நர்சிங் ஹோம்காரர் "டாக்டர்னு சொல்ல மாட்டோம், அசிஸ்டென்ட்னு வச்சுக்கிறோம்" என்பார். இரவு மூன்று மணிக்கு நெஞ்சுவலிக்காரருக்கு ஆர்டர் எழுதுவது யார் என்பதைத்தான் கோர்ட் பார்க்கும், சம்பளச் சீட்டில் என்ன பெயர் என்பதை அல்ல.

வாய்க்கால்கரை | ஜூலை 12, காலை 6.50

அண்ணன் மகளுக்கும் இதே பள்ளம் வரும். பன்னிரண்டு மாதம் முடிந்த மறுநாளே நைட் டூட்டிக்கு அழைப்பு வரும். லாக் புக் கையெழுத்து, டீன் தரும் பயிற்சி முடிப்புச் சான்று, பல்கலைக்கழகச் சான்று, மருத்துவ கவுன்சிலில் விண்ணப்பம் என்று வரிசையாகப் போய் பர்மனென்ட் எண் கைக்கு வரும் வரை சும்மா இருக்க வேண்டியதுதான். ப்ரொவிஷனல் அந்த மருத்துவமனைப் பயிற்சிக்கு மட்டும், பயிற்சியோ முடிந்துவிட்டது. செயலியில் ஆன்லைன் கன்சல்டேஷனும் பார்க்க முடியாது. 2020 மார்ச் 25 தொலைமருத்துவ வழிகாட்டுதல் பதிவு எண்ணைச் சீட்டில் போடச் சொல்கிறது.

"2021-ல் கடைசி வருஷ மாணவர்களே கோவிட் நோயாளிகளைப் பார்த்தார்களே" என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். பார்த்தார்கள். மே 3 அறிவிப்பு. லேசான தொற்று உள்ளவர்களைக் கண்காணிப்பதும் தொலைபேசி ஆலோசனையும், ஆசிரியர்கள் மேற்பார்வையில். அதுவும் கட்டிப்போட்ட விலக்குதான்.

மன்னை மருந்தாளுநர் | ஜூலை 13, காலை 9.30

அறுவடை நேரத்துல வயல்ல பாம்பு கடிச்சா? விஷக்கடி வைத்தியர் பார்க்கிறார், காசும் வாங்கறதில்ல. அதுவும் குத்தமா?

வாய்க்கால்கரை | ஜூலை 13, இரவு 9.15

முதலுதவிக்கு யாருக்கும் உரிமம் வேண்டாம். நல்லெண்ணத்தில் அவசரத்துக்குச் செய்ததைக் காப்பாற்ற பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய குற்றச் சட்டம்) பிரிவு 30 இருக்கிறது. கடித்த காலை அசையாமல் மட்டை வைத்துக் கட்டி, படுக்க வைத்து, வண்டி ஏற்றுவது முதலுதவி. கீறுவதும் உறிஞ்சுவதும் கயிறால் இறுக்குவதும் அப்படி ஆகாது.

பச்சிலை கொடுத்து இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது வைத்தியம். அதற்குப் பரம்பரை என்பது உரிமமாகாது என்று கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கண்ணாடி விரியன் கடித்தால் அந்த இரண்டு மணி நேரத்தில் ரத்தம் உறையும் தன்மை போய்விடும். ஆஸ்பத்திரியில் சோதனை எளிது: புதிதாக எடுத்த ரத்தத்தைச் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது. ஓடினால் விஷமுறிவு மருந்து, பெரும்பாலும் 10 குப்பியில் ஆரம்பம்.

வாய்க்கால்கரை | ஜூலை 14, காலை 6.00

பி.என்.எஸ். என்றதும் விட்டுப்போனது நினைவு வந்தது. 2024 ஜூலை 1 முதல் பிரிவு 106(1). அலட்சியத்தால் மரணம் என்றால் ஐந்து வருஷம் வரை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது என்றால் இரண்டு வருஷம் வரை. ஆனால் அந்தப் பிரிவின் விளக்கத்தில் "பதிவு பெற்ற மருத்துவர்" என்றால் 2019 சட்டப்படி தகுதியும் அந்தச் சட்டப் பதிவேட்டில் பெயரும் உள்ளவர் மட்டும். அரசாணை 248 ஒருவருக்கு ஊசியைக் கையில் கொடுக்கிறது, இந்தச் சலுகையைக் கொடுக்கவில்லை. இதை எந்த போர்டிலும் எழுத மாட்டார்கள்.

பாபநாசத்தான் | ஜூலை 14, இரவு 7.30

இன்னிக்கு நேர்ல போய் போர்டு பார்த்தேன். பேரு, ஆர்.ஐ.எம்.பி., ஒரு நம்பர். படிப்பு எதுவும் இல்லை. சீட்டுலயும் இல்லை.

வாய்க்கால்கரை | ஜூலை 14, இரவு 8.10

அந்த எண்ணை மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் தேடாதீர்கள், அங்கே இருக்காது, இல்லை என்பதால் போலி என்றும் ஆகாது. இந்திய மருத்துவ வாரியத்தில் எண்ணையும் பெயரையும் கொடுத்து, எந்தப் படிப்பின் பேரில் பதிவு என்று கேளுங்கள். பட்டம் என்று வந்தால் உங்கள் புகாருக்கு வேலை இல்லை. பரம்பரைப் பட்டியல் என்று வந்தால், சீட்டின் நகலும் குளுக்கோஸ் ஏற்றிய தேதியும் வைத்து மாவட்ட ஜே.டி. (சுகாதார இணை இயக்குநர்) ஆபீஸில் எழுத்து மூலம் கொடுங்கள். அவர் கிளினிக் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 1997-ல் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்ப்பார்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது வாயோடு போகும்.

பாபநாசத்தான் | ஜூலை 17, இரவு 9.00

வாரியத்துல கேட்டாச்சு. பரம்பரைதான். பையன் லீவு சர்டிபிகேட்டைப் பி.எச்.சி.யில நேர்ல காட்டி வாங்கிட்டேன், நெத்தித் தழும்பைக்கூட எழுதிக்கிட்டாங்க.